அளவுகோல் எந்த மொழியில் பேசியது?

ஐந்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு கேள்வி வருவதாக வைத்துக் கொள்வோம்: "வெள்ளத்தால் ஏற்படும் தீமைகள் யாவை?" கூடலூர்ப் பக்கத்தில், வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்த சிறுமி ஒருத்தி இதைப் படிக்கிறாள். அவள் வீட்டில் வெள்ளம் என்றால் தண்ணீர். தாகம் எடுத்தால் குடிப்பது. தண்ணீரால் என்ன தீமை என்று சற்று விழிக்கிறாள். பிறகு, "கொதிக்க வைக்காமல் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும்" என்று எழுதிவிடுகிறாள். அறிவியல்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் விடைத்தாளைத் திருத்துபவர் சுழிதான் போடுவார்.

இன்னொரு கேள்வி: "ஒரு பொருளின் நிறை இடத்துக்கு இடம் மாறுமா?" தமிழ்நாட்டுப் பாடநூலின்படி, மாறாது. நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. புவியீர்ப்புக்கு ஏற்ப மாறுவது எடை. ஆனால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பருப்பொருளின் அளவுக்குத் 'திணிவு' என்று பெயர். அங்கே 'நிறை' என்பது நாம் எடை என்று சொல்லும் விசையையே குறிக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் படித்த மாணவன் "மாறும்" என்று எழுதினால் அதுவே சரியான விடை. 1983க்குப் பிறகு அகதிகளாக இங்கு வந்து நம் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தச் சொல்லில் தடுக்கி மதிப்பெண்ணை இழந்தார்களோ! இத்தனைக்கும் இது இரு மொழிகளின் சிக்கல்கூட அன்று. இரண்டும் தமிழே.

அந்தச் சுழி எதை அளந்தது? பிள்ளையின் அறிவியல் அறிவையா, அல்லது கேள்வி கேட்டவரின் மொழிக்கும் பிள்ளையின் மொழிக்கும் உள்ள தூரத்தையா? உளவியலாரும் கல்வியாளரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லாடி வருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் "வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றிருக்கும் குழந்தை மந்தமானது" என்றார்கள். பிற்பாதியில் "இரு மொழி அறிந்த குழந்தையே கெட்டிக்காரக் குழந்தை" என்று தீர்ப்பு தலைகீழானது. இரண்டையும் நம்பி வகுப்பறைகள் நடந்தன. பிள்ளைகள் தரம் பிரிக்கப்பட்டார்கள். இத்தீர்ப்புகளுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் சில ஆய்வுகளை இங்கே மறுபடியும் புரட்டிப் பார்க்க விரும்புகிறேன். அறிவியல் மாணவருக்கு இதில் தனிப் பயன் உண்டு. ஓர் ஆய்வு எங்கே, எப்படித் தவறுகிறது என்பதைக் கற்க இதைவிட நல்ல பாடம் அரிது.

கப்பலிலிருந்து இறங்கியவர்களின் 'மூளை'

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் ஒரு நுண்ணறிவுச் சோதனையை வகுத்தார்கள். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனி உதவி செய்வதே அதன் நோக்கம். பாரிஸ் குழந்தைகளுக்காகப் பிரெஞ்சு மொழியில் அமைந்த அந்தச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் ஹென்றி காடர்ட். 1913இல் அவருடைய உதவியாளர்கள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் அதை நடத்தினார்கள். கடலில் பல நாள் அலைந்து களைத்து இறங்கியவர்கள். முன்பின் தெரியாத நாடு. எதிரே ஓர் அதிகாரி. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். இந்நிலையில் சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோரில் ஐந்தில் நான்கு பேர் அறிவுக் குறைபாடு உள்ளவர்கள் என்று முடிவு வந்தது! 1917இல் இது அச்சிலும் வந்தது.

ஒரு வெப்பமானியை ஊரார் வாயிலெல்லாம் வைத்துப் பார்க்கிறோம். ஐந்தில் நான்கு பேருக்கு 110 டிகிரி காட்டுகிறது. ஊரே காய்ச்சலில் கிடக்கிறது என்பீர்களா, வெப்பமானி பழுது என்பீர்களா? காடர்டுக்கும் இந்த எண்கள் வியப்பளித்தன. ஆனால் கருவியின் மீது அவருக்கு வர வேண்டிய அளவு ஐயம் வரவில்லை.

அடுத்து வந்தது படைச் சோதனை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல் தொடங்கி, ஏறத்தாழ பதினேழரை இலட்சம் படைவீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தப்பட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' தாள். தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன 'பீட்டா' தாள். ஆல்ஃபாவில் ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயரையும் ஒரு பேஸ்பால் வீரரின் பெயரையும் கொடுத்து, அவை என்ன, அவர் யார் என்று கேட்டார்கள். இது நுண்ணறிவா, நாளிதழ் விளம்பர அறிவா?

பீட்டா தாள்தான் இன்னும் கவனிக்கத்தக்கது. "மொழியே வேண்டாம், படத்தில் என்ன குறைகிறது என்று வரைந்து காட்டினால் போதும்" என்றார்கள். படங்களில் ஒன்று வலை இல்லாத டென்னிஸ் களம். மற்றொன்று ஊதுகுழல் இல்லாத கிராமபோன். சிசிலியிலிருந்து வந்த ஓர் உழவன் டென்னிஸ் களத்தை எங்கே பார்த்திருப்பான்? சொற்களை எடுத்துவிட்டால் மொழிச் சிக்கல் போய்விடும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பதற்கு இந்தக் கிராமபோன் ஒன்றே சான்று. படத்துக்கும் ஓர் ஊர் உண்டு. நம் கல்வித்துறையினர் சிலர் இன்றும், "படக் கேள்வி வைத்துவிட்டோம், இனி எல்லாக் குழந்தைக்கும் பொது" என்று நிம்மதி அடைகிறார்கள். அவர்கள் பீட்டா தாளை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்தப் படைச் சோதனை விவரங்களை வைத்துக் கார்ல் பிரிகாம் என்ற உளவியலார் 1923இல் ஒரு நூல் எழுதினார். அவர் கையில் ஓர் அருமையான தடயம் சிக்கியிருந்தது. அமெரிக்காவுக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். ஆண்டுகள் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராக நின்றார்கள். இதை ஒரு பள்ளி மாணவனிடம் காட்டினால் என்ன சொல்வான்? "நாள் ஆக ஆக மொழியும் பழக்கமும் கைவந்துவிட்டன" என்பான். பிரிகாம் அப்படிச் சொல்லவில்லை. முன்பு வந்தவர்கள் உயர்ந்த இனத்தவர், அண்மையில் வந்தவர்கள் தாழ்ந்த இனத்தவர் என்று எழுதினார்! எண்கள் உண்மையைச் சொல்லிக் கொண்டிருந்தன; அவர் வேறு எதையோ கேட்டுக் கொண்டிருந்தார். 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கியது. அதில் இந்த நூலுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் காலத்துக் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதில் வேறுபாடு இல்லை.

பிரிகாமைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1930இல் அவரே தம் ஆய்வைத் திரும்பப் பெற்றார். வேறு மொழி பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களை இத்தகைய சோதனைகளால் ஒப்பிட முடியாது என்றும், தம் பழைய முடிவுகளுக்கு அடித்தளமே இல்லை என்றும் எழுதினார். தம் பெயர் பெற்ற நூலைத் தாமே மறுக்கும் துணிவு எல்லா அறிஞர்களுக்கும் வருவதில்லை. ஆனால் நூல் ஓடிய தூரம் மறுப்பு ஓடவில்லை.

வேல்ஸ் நாட்டுக் கிராமங்கள்

பிரிகாமின் நூல் வந்த அதே 1923இல் பிரிட்டனில் டி. ஜே. சேயர் ஓர் ஆய்வை வெளியிட்டார். களம் வேல்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து எந்தக் குழந்தை வெல்ஷ் பேசி அகப்படுகிறதோ அதன் கழுத்துக்குக் கட்டை மாறும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. அத்தகைய நாட்டில், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சேயர் சோதித்தார். வெல்ஷ் பேசும் பிள்ளைகளுக்குச் சோதனையை வெல்ஷிலேயே கொடுத்தார். இதில் அவர் காடர்டைவிடப் பல படி மேல்.

முடிவு என்ன? கிராமங்களில், இரு மொழி அறிந்த பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். நகரங்களில் அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இங்கே சற்று நில்லுங்கள். இரு மொழி அறிவுதான் மூளையைக் குழப்புகிறது என்றால், அது நகரத்து மூளையை ஏன் விட்டுவிட்டது? ஊரைப் பொறுத்து மாறும் ஒரு விளைவுக்குக் காரணம் ஊரில் இருக்கிறதா, மொழியில் இருக்கிறதா? வேல்ஸ் கிராமத்தில் யார் வீட்டில் ஆங்கிலம், யார் வீட்டில் வெல்ஷ் என்பது பெரும்பாலும் தகப்பனாரின் தொழிலையும் பொறுத்தது. வீட்டு வருமானம், புத்தகம், பெற்றோர் படிப்பு ஆகியவற்றைச் சமமாக்காமல் மொழியை மட்டும் ஒப்பிட முடியாது. ஒரு செடிக்கு எரு இட்டு, மறு செடியை நிழலில் வைத்துவிட்டு, எருவின் பயனை அளந்தேன் என்பது போன்றது அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் அதே வேல்ஸில், பெற்றோரின் தொழிலையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார். சொல் சாராத சோதனைகளில் காணப்பட்ட வேறுபாட்டுக்குச் சமூகப் பொருளாதார நிலையே காரணம் என்று 1960 அளவில் காட்டினார்.

சேயர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தம் முடிவுக்குத் தொல்லை தரும் நகரத்து எண்களை அவர் மறைக்கவில்லை. குற்றம் அவரை மேற்கோள் காட்டியவர்களிடம் அதிகம். அவர்கள் கிராமத்து எண்ணை எடுத்துக் கொண்டு நகரத்து எண்ணை விட்டுவிட்டார்கள். "வீட்டில் அந்த மொழியைப் பேசாதீர்கள், குழந்தையின் படிப்பு கெடும்" என்று பெற்றோர்களுக்கு ஆசிரியர்கள் சொன்ன அறிவுரைக்குப் பின்னால் இப்படி அரைகுறையாகப் படிக்கப்பட்ட ஆய்வுகள் இருந்தன. இந்த அறிவுரை இன்னும் சாகவில்லை.

தலைகீழான தீர்ப்பு

1962இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் செய்த ஆய்வு நிலைமையைப் புரட்டிப் போட்டது. ஆறு பிரெஞ்சுப் பள்ளிகளைச் சேர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக் கொண்டார்கள். குடும்ப நிலையில் இரு குழுக்களையும் இணையாக்கினார்கள். இருமொழியாளர் என்று பெயரளவில் சொல்லாமல், பல சோதனைகள் வைத்து, இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே வலிமை உள்ளவர்களையே அக்குழுவில் சேர்த்தார்கள். சொல் சார்ந்த சோதனைகளில் இருமொழிப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. சொல் சார்ந்தவை, சாராதவை இரண்டிலும் இருமொழிப் பிள்ளைகளே முந்தினார்கள்.

முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ கவனமாகச் செய்யப்பட்டது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இரு மொழியிலும் சமவலிமை உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், இரண்டாம் மொழியில் தட்டுத் தடுமாறும் பிள்ளை எங்கே போனது? அது சல்லடையில் கீழே விழுந்துவிட்டது. ஆசிரியருக்குச் சிக்கல் தருவது அந்தப் பிள்ளைதானே? மேலும், இரு மொழி அறிந்ததால் கெட்டிக்காரர் ஆனார்களா, கெட்டிக்காரர்கள் ஆனதால் இரு மொழியையும் நன்கு கற்றார்களா? இதை இந்த ஆய்வால் தீர்க்க முடியாது என்று ஆய்வாளர்களே ஒப்புக் கொண்டார்கள். அந்த வரியையும் பலர் படிக்கவில்லை.

அதன் பிறகு ஊஞ்சல் மறுபக்கம் வேகமாகப் போயிற்று. 2004 முதல் எலன் பியாலிஸ்டாக்கும் அவரது குழுவினரும், இருமொழியாளர்களுக்குக் கவனத்தை அடக்கி ஆளும் திறன் கூடுதல் என்று ஆய்வுகள் வெளியிட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது பல இடங்களில் அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. வயது வந்தோரிடம் நடந்த 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசிய ஓர் ஆய்வு 2018இல் வந்தது. சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறும் என்ற சார்பைக் கழித்துப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க ஆதாயம் எதுவும் மிஞ்சவில்லை. என் கருத்தில் இது நல்ல செய்தி. தெலுங்கோ சௌராஷ்டிரமோ படுகமோ வீட்டில் பேசும் குழந்தை, மூளை கூர்மையாகும் என்று சான்றிதழ் காட்டினால்தான் தன் மொழியைப் பேசலாமா? அது அந்தக் குழந்தையின் அம்மா பேசும் மொழி, அது போதாதா?

ஒரே மருந்து, இரண்டு நோயாளிகள்

இனி வகுப்பறைக்கு வருவோம். 1965இல் மான்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் முயன்று ஒரு சோதனை வகுப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே எல்லாம் பிரெஞ்சில். பிள்ளைகள் பிரெஞ்சு நன்றாகக் கற்றார்கள், ஆங்கிலமும் கெடவில்லை, கணக்கும் கெடவில்லை. உடனே உலகெங்கும் ஒரு வாதம் எழுந்தது: "பார்த்தீர்களா, குழந்தையை அயல் மொழியில் முக்கி எடுத்தால் தானே கற்றுக் கொள்ளும்!" நம் ஊரில் ஆங்கில வழி மழலையர் பள்ளிகளுக்கு வக்காலத்து வாங்குபவர்களும் இதே வாதத்தைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

வாதத்தின் ஓட்டை எங்கே? செயின்ட் லாம்பர்ட் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் பிரெஞ்சு புதிது. ஆகவே யாரும் யாரையும்விடத் தாழ்ந்தவர் இல்லை. ஆசிரியருக்கு ஆங்கிலம் புரியும். தொடக்கத்தில் குழந்தை ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் கிடைக்கும். வீட்டில் வசதி உண்டு. தெருவிலும் கடையிலும் செய்தித்தாளிலும் அவர்களின் ஆங்கிலம் தலை நிமிர்ந்து நின்றது. அதை இழக்கும் அச்சமே இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீன மொழி மட்டும் தெரிந்த பிள்ளை, மற்றெல்லோரும் ஆங்கிலம் அறிந்த வகுப்பில் தனியே உட்கார்ந்திருப்பது இதற்கு முற்றிலும் வேறானது. அங்கு ஏறத்தாழ 1,800 சீனப் பிள்ளைகளுக்குத் தனி மொழி உதவி ஏதும் இல்லை என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1974இல் தீர்ப்பு வந்தது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது. மொழி புரியாத பிள்ளைக்கு அதனால் கல்வியே மறுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். நீந்தத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே குளத்தில் இறங்கினால் போதாதல்லவா?

அதற்கு முன், 1970இல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு என்று ஒன்று நடந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழி வந்த ஒன்பது பிள்ளைகள், ஆங்கிலத்தில் நடந்த நுண்ணறிவுச் சோதனையின் பேரில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போடப்பட்டிருந்தார்கள். அவர்களைத் தங்கள் மொழியிலும் சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் அந்த வகுப்புக்குரிய எல்லையைத் தாண்டிவிட்டது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இனி வீட்டு மொழியிலும் சோதிப்போம் என்று மாநிலம் ஒப்புக் கொண்டது. எல்லிஸ் தீவுக்கும் இதற்கும் இடையே 57 ஆண்டுகள்! பிரிகாம் தம் தவற்றை ஒப்புக் கொண்டும் 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கேதான் ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய ஆய்வாளரின் பணி வருகிறது. வகுப்பாசிரியருக்கு மேற்சொன்ன எல்லா ஆய்வுகளையும்விட இதுவே பயனுள்ளது என்பேன். கனடாவில் குடியேறிய 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உளவியல் அறிக்கைகளை அவர் படித்தார். பல அறிக்கைகளில் ஒரே கதை. "இந்தப் பிள்ளை ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான், ஆகவே மொழிச் சிக்கல் இல்லை, ஆனாலும் பாடத்தில் பின்தங்குகிறான், ஆகவே அறிவுக் குறை." விளையாட்டிலும் கடைத்தெருவிலும் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடநூலைப் படித்து, ஒப்பிட்டு, காரணம் சொல்லி எழுதும் மொழியில் உடன் பயிலும் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கின்றன. நடுவே உள்ள இந்த ஆண்டுகளில்தான் பிள்ளைக்கு 'மந்தம்' என்ற பட்டம் சூட்டப்படுகிறது.

இதை அறிந்தும் 1998இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள், பொதுவாக ஓராண்டு மட்டும் ஆங்கிலப் பயிற்சி தந்து பிள்ளைகளைப் பொது வகுப்பில் விடலாம் என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2016இல் அவர்களே அதை மாற்றினார்கள். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை பள்ளியை முடித்து வெளியேறிவிட்டது.

கம்மின்ஸுக்கும் குறை உண்டு. விளையாட்டு மொழி ஒன்று, பாட மொழி ஒன்று என்று பிரித்ததால், வீட்டுப் பேச்சு ஏதோ தாழ்ந்தது, சிந்தனைக்கு உதவாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது என்று மொழியியலார் பலர் கண்டித்தார்கள். கண்டனம் சரியே. பேரம் பேசுவதிலும் வழக்காடுவதிலும் உள்ள தருக்கம் பாடநூலில் உள்ளதற்குக் குறைந்ததன்று. தவிர, 'பாட மொழி' கைவந்ததா என்று கம்மின்ஸ் எதைக் கொண்டு அளந்தார்? பள்ளிச் சோதனைகளைக் கொண்டுதான். மறுபடியும் அதே அளவுகோல்! ஆயினும் ஆசிரியர் மனத்தில் அவர் எழுப்பிய எச்சரிக்கை மணி இன்னும் ஒலிக்க வேண்டியது. சரளமாகப் பேசுகிறானே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இந்த எச்சரிக்கை தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைக்கும் பொருந்தும். இயற்பியல் பாடத்தில் 'வேலை' வருகிறது. விசை செயல்பட்டு, விசையின் திசையில் இடப்பெயர்ச்சி இருந்தால்தான் வேலை. தலையில் செங்கல் சுமந்து அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை சுழி என்கிறது புத்தகம். சூளையில் செங்கல் சுமக்கும் தாயின் மகன் இதைப் படித்து என்ன நினைப்பான்? "வீட்டில் நாம் சொல்லும் வேலை வேறு, இங்கே அளப்பதற்காக அந்தச் சொல்லுக்கு ஒரு குறுகிய பொருளைக் கொடுத்திருக்கிறோம்" என்று ஆசிரியர் ஒரு நிமிடம் நின்று சொன்னால் அவனுக்கு வழி திறக்கும். சொல்லாவிட்டால் அவன் வரையறையை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, புத்தகம் பொய் சொல்கிறது என்று உள்ளுக்குள் முடிவு கட்டிக் கொள்வான். ஒருவகையில் ஒவ்வொரு அறிவியல் வகுப்பும் அயல்மொழி வகுப்பே.

நம் வகுப்பில் இன்று யார் யார்?

தமிழ்நாட்டு வகுப்பறை எந்நாளும் ஒருமொழி வகுப்பறையாக இருந்ததில்லை. மதுரையில் சௌராஷ்டிரம், நீலகிரியில் படுகமும் இருளமும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், எத்தனையோ ஊர்களில் உருது. இப்போது திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கும், செங்கல் சூளைகளுக்கும், கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசிக் கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பயில வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது; 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரே வகுப்பில் நான்கு மொழிப் பிள்ளைகள் இருந்தால் நான்கு வழியிலும் ஒருவரே கற்பிக்க இயலாது. அதற்காகக் கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை.

நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கிய திட்டம் இவ்வகையில் நினைக்கத்தக்கது. வழக்கமான பள்ளியில் மூன்று ஆண்டு யொரூபா, பிறகு ஆங்கிலம். சோதனைப் பள்ளியில் ஆறு ஆண்டும் யொரூபா. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். ஆறாண்டு தாய்மொழியில் பயின்ற பிள்ளைகள் மற்றப் பாடங்களில் மேம்பட்டார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. புதிய புத்தகங்களும் தனி ஊக்கமும் அந்தப் பள்ளிக்குக் கிடைத்ததை மறக்கக் கூடாது. வெற்றி முழுவதையும் மொழியின் கணக்கில் எழுதிவிட்டால் நாமும் சேயரை மேற்கோள் காட்டியவர்களைப் போல ஆகிவிடுவோம். ஆனால் தாய்மொழியில் கற்றால் இரண்டாம் மொழி கெடும் என்ற அச்சத்தை அது உடைத்தது உறுதி.

ஆறாண்டுத் திட்டம் போட முடியாத ஓர் ஊராட்சிப் பள்ளி ஆசிரியர் என்ன செய்யலாம்? பாடம் தொடங்கும்போது கரும்பலகையின் ஓரத்தில் ஒரு சொல்லை எல்லா வீட்டு மொழியிலும் எழுதலாம். தண்ணீர், நீள்ளு, நீரு, வெள்ளம், பானி. சொல்லித் தருபவர் பிள்ளைகளே. ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே மொழி பேசும் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, விடையை முதலில் அவர்கள் மொழியில் பேசிக் கொள்ளச் சொல்லலாம். "தமிழில் மட்டும் பேசு" என்று அந்த நேரத்தில் அதட்டுவது, வேல்ஸ் நாட்டு மரக்கட்டையை வாயால் தொங்கவிடுவதே. திருத்தும்போது கருத்துக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடலாம். தவறான விடையைக் கண்டால் சுழி போடுமுன் கேள்வியை வேறு சொற்களில் ஒரு முறை கேட்கலாம். இதற்கு அரசாணை வேண்டாம், செலவும் இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நேரம்தான் இல்லை என்பார்கள். அது நியாயமான முறையீடு. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் இது தேவைப்படாது.

அந்தக் கூடலூர்ச் சிறுமியை அழைத்து, "மழை மிகுந்து ஆறு கரை மீறி ஊருக்குள் வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு இடியும், மண் சரியும், கிணற்றுநீர் கெடும், காலரா வரும் என்று அடுக்குவாள். 2018இல் கேரளத்தில் அவள் பாட்டியின் வீடு மூழ்கியதையும் சொன்னாலும் சொல்வாள். அவள் மொழியில் அதற்குப் பெயர் வெள்ளப்பொக்கம்.